கருவியை வைத்து சிக்னலைப் பச்சையாக்கலாமா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தீயணைப்பு வண்டியோ ஆம்புலன்ஸோ வரும்போது அதற்காக சிக்னல் தானே பச்சைக்கு மாறும் ஏற்பாடு, அமெரிக்க நகரங்கள் பலவற்றில் அரை நூற்றாண்டாக இருக்கிறது. அதே வேலையைச் செய்யும் கருவியைத் தனியார் சிலரும் வாங்கித் தங்கள் கார்களில் மாட்டிக்கொண்டார்கள். அதைத் தடுக்கச் சட்டம் வந்தது. ஆனாலும் "அந்தக் கருவி எங்கே கிடைக்கும்?" என்ற கேள்வி ஓயவில்லை. எங்கே கிடைக்கும் என்பதற்கு இங்கே பதில் இல்லை, மற்றவற்றுக்கு இருக்கிறது.

அப்படி ஒரு கருவி உண்மையிலேயே இருக்கிறதா, கட்டுக்கதையா?

உண்மைதான். எம்ஐஆர்டி என்ற பெயரில் ஓர் அகச்சிவப்பு ஒளிக்கருவி மினசோட்டா மாநிலத்திலிருந்து விற்கப்பட்டது. முன்கண்ணாடியில் ஒட்டவைத்து, சிகரெட் லைட்டர் துளையில் வயரைச் செருகினால் வேலை முடிந்தது. 1,500 அடி தூரத்திலிருந்தே சிக்னலை மாற்றும் என்று விளம்பரம் செய்தார்கள். விலை சில நூறு டாலர்தான். அவசர சேவைகளுக்கு மட்டுமே விற்கிறோம் என்று விற்றவர்கள் சொன்னாலும், இணைய ஏலத் தளங்களில் யார் வேண்டுமானாலும் வாங்க முடிந்தது. 2003 இலையுதிர் காலத்தில் டெட்ராய்ட் பத்திரிகை ஒன்று இதை எழுதியதும் நாடு முழுக்கப் பேச்சானது. சிக்னல் பொறியாளர்களுக்கு வயிற்றில் புளியைக் கரைத்த செய்தி அது.

சிக்னல் எப்படி ஒரு வண்டியை அடையாளம் கண்டுகொள்கிறது?

அமெரிக்கச் சந்திப்புகளில் சிக்னல் தொங்கும் நீண்ட கையைக் கொஞ்சம் உற்றுப் பார்த்தால், விளக்குகளுக்கு நடுவே கைக்கு அடக்கமான ஒரு சின்னக் குழல், வண்டி வரும் திசையைப் பார்த்தபடி இருக்கும். அதுதான் ஒளியை வாங்கும் கண். சில ஊர்களில் அதற்குப் பக்கத்திலேயே ஒரு வெள்ளை விளக்கும் இருக்கும். பச்சை வேண்டும் என்ற வண்டியின் கோரிக்கை ஏற்கப்பட்டதும் அது எரியும் அல்லது சிமிட்டும். எந்தத் திசைக்கு எப்படி எரிய வேண்டும் என்பதில் ஊருக்கு ஊர் வழக்கம் மாறும்.

தீயணைப்பு வண்டியின் கூரையில் உள்ள விளக்கு, நொடிக்கு ஏறத்தாழ 14 முறை என்ற துல்லியமான தாளத்தில் மின்னுகிறது. கண் அதைப் பிடித்து, கம்பி வழியாகச் சாலையோரம் நிற்கும் உலோகப் பெட்டிக்கு அனுப்புகிறது. பெட்டிக்குள் இருக்கும் ஒரு மின்னணு அட்டை, "வந்தது சூரிய ஒளியா, வேறு வெளிச்சமா, நம் தாளமா?" என்று சோதிக்கும். தாளம் சரியென்றால் சிக்னல் கட்டுப்பாட்டுக் கருவிக்கு உத்தரவு போகும். பேருந்துகளுக்கு வேறு தாளம், நொடிக்கு ஏறத்தாழ 10. அதற்கு மதிப்பும் குறைவு. பேருந்துக்காகப் பச்சை சில நொடி நீளும் அல்லது சற்று முன்னதாக வரும். தீயணைப்பு வண்டிக்கோ நடப்பதை எல்லாம் நிறுத்திவிட்டு வழி விடப்படும்.

ஆப்டிகாம் என்ற பெயரில் இதை 1960-களில் உருவாக்கியது மினசோட்டாவின் செயின்ட் பால் நகரை ஒட்டிய 3எம் நிறுவனம். ஒளிக்குப் பதிலாக ஜிபிஎஸ்ஸும் ரேடியோவும் கொண்டு இயங்கும் ஏற்பாடுகளும், சைரன் ஒலியைக் கேட்டு மாறும் ஏற்பாடுகளும் பிறகு வந்தன.

ஒன்றைக் கவனியுங்கள். பழைய ஏற்பாட்டில் அந்த அட்டை கேட்ட ஒரே கேள்வி, தாளம் சரியா என்பதுதான். "நீ யார்?" என்று அது கேட்கவே இல்லை. 1960-களில் அப்படிக் கேட்க யாருக்கும் தோன்றவில்லை. கூரையில் விட்டுவிட்டு மின்னும் அவ்வளவு பெரிய ஸ்ட்ரோப் விளக்கை மாட்டிக்கொண்டு ஏமாற்ற எவர் வருவார்? கருவி கையடக்கமாகச் சிறுத்து, விலை குறைந்து, இணையத்தில் விற்பனைக்கு வந்ததும் அந்த நம்பிக்கை ஓட்டையாகிவிட்டது.

ஹெட்லைட்டை வேகமாக டிம்-பிரைட் அடித்தால் பச்சை விழும் என்கிறார்களே?

விழாது. கையால் நொடிக்கு 14 முறை, தாளம் பிசகாமல், எவராலும் அடிக்க முடியாது. அடித்தபோது பச்சை விழுந்தது என்று சத்தியம் செய்பவர்கள் இருக்கிறார்கள். எப்படியும் விழ இருந்த பச்சை அது. எதிரே வருபவரின் கண்ணைக் கூசவைப்பதைத் தவிர வேறு பலன் இல்லை.

கருவியைத் தட்டியதும் சட்டென்று பச்சை விழுமா?

இல்லை. குறுக்குச் சாலையில் பச்சை எரிந்துகொண்டிருந்தால், அது மஞ்சளாகி, சிவப்பாகி, எல்லாப் பக்கமும் ஒரு கணம் சிவப்பாக நின்ற பிறகே இந்தப் பக்கம் பச்சை வரும். மஞ்சள் நேரத்தையும், எல்லாப் பக்கச் சிவப்பு நேரத்தையும் எந்த அவசரத்துக்காகவும் குறைக்கக் கூடாது என்பது அமெரிக்காவின் தேசியப் போக்குவரத்துக் கையேட்டு விதி.

அதே கையேடு, இந்த அவசர மாற்றத்தின்போது ஒன்றை மட்டும் குறைக்க அனுமதிக்கிறது. நடந்து கடப்பவர்களுக்கான நேரம். இது அடுத்த கேள்விக்கு முக்கியம்.

பத்து நொடி முன்னால் பச்சை வாங்கினால் யாருக்கு என்ன நஷ்டம்?

இப்படிக் கேட்பவர்களில் பலர் கெட்டவர்கள் இல்லை, யோசிக்காதவர்கள். அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

ஆறு வழிச் சாலை என்றால் அகலம் ஏறக்குறைய 72 அடி. ஒருவர் நொடிக்கு மூன்றரை அடி நடப்பார் என்பது இன்று கடைப்பிடிக்கும் கணக்கு. அப்படியானால் கடக்க 20 நொடிக்கு மேல் ஆகும். ஒரு பாட்டி நடக்கலாம் என்ற விளக்கைப் பார்த்துத்தான் சாலையில் கால் வைக்கிறார். மூன்றாவது வழியைத் தாண்டும்போது, யாரோ ஒருவர் காருக்குள்ளிருந்து கோரிக்கை அனுப்புகிறார். கடக்கும் நேரத்தைக் குறைக்கும்படி அந்தச் சந்திப்பு அமைக்கப்பட்டிருந்தால், மிச்ச 36 அடியை அவர் கடப்பதற்குள் வண்டிகளுக்குப் பச்சை விழுந்துவிடும். தீயணைப்பு வண்டி வரும்போது இந்த ஆபத்தை ஏன் ஏற்கிறார்கள்? சைரன் அலறுகிறது, விளக்கு சுழல்கிறது, பாட்டிக்கும் தெரிகிறது, மற்ற ஓட்டுநர்களுக்கும் தெரிகிறது, வண்டியை ஓட்டுபவரும் பயிற்சி பெற்றவர். கருவி வைத்த கார் ஓசையில்லாமல் வருகிறது. எச்சரிக்கை எதுவும் கிடையாது.

இன்னொன்று, எனக்கு இதைவிடக் கோபமூட்டுவது. ஒரே தகுதியுள்ள இரண்டு வண்டிகள் இரண்டு திசையிலிருந்து கேட்டால், முதலில் கேட்டவருக்கே முதல் பச்சை. அப்படித்தான் இந்த ஏற்பாடுகள் இயங்குகின்றன. ஏமாற்றுபவரின் கருவி தன்னைத் தீயணைப்பு வண்டி என்றே சொல்லிக்கொள்கிறது. அந்த நிமிடம் குறுக்குச் சாலையில் உண்மையான ஆம்புலன்ஸ் ஒன்று வந்தால், வரிசையில் அது இரண்டாவது. ஆபீஸுக்கு நேரமாகிவிட்டது என்று ஒருவர் கேட்ட பச்சைக்காக, நெஞ்சுவலிக்காரரை ஏற்றிய வண்டி சிவப்பின் முன் நிற்கும். முன்னால் போனவருக்கு அது தெரியவே தெரியாது. தனக்கு ஒரு பச்சை கிடைத்தது, அவ்வளவுதான்.

நெரிசலும் உண்டு. ஒரு சாலையின் சிக்னல்கள் ஒன்றோடொன்று நேரம் பொருத்தப்பட்டவை. முதல் பச்சையில் கிளம்பினால் அடுத்ததும் பச்சையாகக் கிடைக்கும். நடுவில் ஒன்றைக் கலைத்தால், அது மீண்டும் வரிசைக்கு வரச் சில சுற்றுகள் ஆகும். அத்தனை நேரமும் பின்னால் நிற்கும் நூறு பேர் அந்த ஒருவருக்காகக் காத்திருக்கிறார்கள்.

தீயணைப்பு வண்டிக்கு சைரன் இருக்கிறதே, இந்த ஏற்பாடு எதற்கு?

சைரனோடு சிவப்பைத் தாண்டிப் போவதுதான் அந்த வேலையில் பெரிய ஆபத்துகளில் ஒன்று. குறுக்கே வருபவர் கண்ணாடியை ஏற்றிவிட்டுப் பாட்டு கேட்டுக்கொண்டிருப்பார். செயின்ட் பால் நகரில் இந்த ஏற்பாடு பரவலாக வந்த 1969-க்கும் 1976-க்கும் இடையே அவசர வண்டிகளின் விபத்து வீதம் சுமார் 70 விழுக்காடு குறைந்ததாக மத்திய நெடுஞ்சாலை நிர்வாகம் 2006-ல் வெளியிட்ட ஆய்வில் பதிவாகியிருக்கிறது. டெக்ஸாஸின் பிளேனோ நகரிலும் சந்திப்புகளில் நடந்த இத்தகைய விபத்துகள் வெகுவாகக் குறைந்தன. ஆகவே இந்த ஏற்பாட்டையே எடுத்துவிடுங்கள் என்று சொல்ல முடியாது. உயிர் காக்கும் ஏற்பாடு என்பதால்தான் கண்டவர் கையில் அது போகக் கூடாது என்கிறேன்.

ரயில்வே கேட் பக்கத்தில் இருக்கும் சிக்னலும் இப்படி மாறுமா?

மாறும். அங்கே ரயிலுக்கே முதல் இடம், தீயணைப்பு வண்டிகூட அதற்குப் பிறகுதான். ரயில் நெருங்கும்போது, தண்டவாளத்தின் மேல் சிக்கிய வண்டிகள் வெளியேற அந்தப் பக்கம் பச்சை விழ வேண்டும். சில நொடிக் கணக்கு தப்பினால் என்ன ஆகும் என்பதற்கு இல்லினாய் மாநிலத்தின் ஃபாக்ஸ் ரிவர் குரோவ் சாட்சி. 1995 அக்டோபர் 25 அன்று ஒரு பள்ளிப் பேருந்து சிவப்பு சிக்னலில் நின்றது. அதன் பின்பகுதி தண்டவாளத்தின் மேல் நீண்டிருந்தது. ரயில் வந்துகொண்டிருந்தும், பேருந்து நகரப் போதுமான நேரத்தோடு பச்சை விழவில்லை. 7 மாணவர்கள் இறந்தார்கள். அங்கே யாரும் கருவி வைத்து ஏமாற்றவில்லை. ஆனால் சிக்னலின் நொடிகளைப் பொறியாளர்கள் ஏன் அவ்வளவு கறாராகக் காக்கிறார்கள் என்பது இதைப் படித்தால் புரியும்.

அமெரிக்கச் சட்டம் என்ன சொல்கிறது?

2005 ஆகஸ்டில் கையெழுத்தான பெரிய நெடுஞ்சாலைச் சட்டத்தோடு இதற்கென ஒரு மத்தியக் குற்றப் பிரிவும் வந்தது. தகுதியில்லாத ஒருவருக்கு இந்தக் கருவியைத் தெரிந்தே விற்றால் ஓராண்டு வரை சிறை, அல்லது அபராதம், அல்லது இரண்டும். தகுதியில்லாதவர் பயன்படுத்தினால் ஆறு மாதம் வரை சிறை, அல்லது அபராதம், அல்லது இரண்டும். பயன்படுத்துபவரைவிட விற்பவருக்குத் தண்டனை அதிகம். அது சரியான வரிசை என்றே நினைக்கிறேன்.

மாநிலச் சட்டங்கள் தனி. கலிபோர்னியாவின் வாகனச் சட்டம் அகச்சிவப்புக் கருவியைப் பெயர் சொல்லியே குறிப்பிடுகிறது. அங்கே பயன்படுத்துவது மட்டுமல்ல, அவசர வண்டியோ பொதுப் பேருந்தோ அல்லாத வண்டியில் அதைப் பொருத்தியிருப்பதே குற்றம்.

நான் மருத்துவர், அவசரமாகக் கூப்பிடுகிறார்கள். எனக்கு அனுமதி கிடைக்காதா?

மத்தியச் சட்டம் விலக்கு தருவது, தீயணைப்பு, காவல், அவசர மருத்துவம், பொதுப் போக்குவரத்து, பராமரிப்பு போன்ற சேவைகளை அரசு அமைப்பின் சார்பிலோ, சட்டப்படி அனுமதி பெற்ற நிறுவனத்தின் சார்பிலோ செய்பவர்களுக்கு. ஆம்புலன்ஸ் நிறுவனம் இதில் வரும். தன் காரில் மருத்துவமனைக்கு விரையும் மருத்துவர் இந்தப் பட்டியலில் இல்லை. உயிர் ஊசலாடும் நேரத்தில் இது கசப்பாக இருக்கும், புரிகிறது. ஆனால் ஒரு நகரத்தின் மருத்துவர்கள் எல்லோர் காரிலும் கருவி இருந்தால், ஆம்புலன்ஸுக்குக் கிடைக்கும் முன்னுரிமைக்கு அர்த்தமே இருக்காது.

யாராவது பிடிபட்டிருக்கிறார்களா?

கொலராடோவின் லாங்மான்ட் நகரில் 2006-ல் ஒருவர் பிடிபட்டார். ஈபேயில் 100 டாலருக்கு வாங்கிய கருவியை இரண்டு ஆண்டு பயன்படுத்தியிருந்தார். காட்டிக்கொடுத்தது அவருடைய ஒழுங்குதான். அவசர அழைப்பு எதுவும் இல்லாத நேரத்திலும் குறிப்பிட்ட சில சிக்னல்கள் கலைவதை நகரப் போக்குவரத்துப் பொறியாளர்கள் கவனித்தார்கள். தீ எங்கே எப்போது பிடிக்கும் என்று சொல்ல முடியாது; வேலைக்குப் போகிறவர் வரும் நேரத்தைச் சொல்லிவிடலாம். அந்த நேரங்களில் அந்தச் சந்திப்புகளைக் கண்காணித்தபோது, ஒவ்வொரு முறையும் அங்கே இருந்தது ஒரே வெள்ளை பிக்கப் வண்டி. போலீஸ் நிறுத்தியது. அபராதம் 50 டாலர். மிச்சமான நேரத்தைக் கணக்கிட்டால் கருவிக்குப் போட்ட காசு எப்போதோ தேறிவிட்டது என்ற பொருளில் அவர் பேசியதாகச் செய்தி வந்தது.

50 டாலர் என்பது எனக்கு ஏமாற்றமளித்த தொகை. அந்த இரண்டு ஆண்டுகளில் எத்தனை பேர் சாலையின் நடுவில் அவசர அவசரமாக ஓடியிருப்பார்கள் என்பது எந்தக் கணக்கிலும் வரவில்லை.

அந்தக் கருவி இன்றைக்கும் வேலை செய்யுமா?

ஊரைப் பொறுத்தது. புதிய ஏற்பாடுகளில் ஒளியின் தாளத்துக்குள்ளேயே வண்டியின் அடையாள எண்ணும் பின்னப்பட்டிருக்கும். பட்டியலில் இல்லாத எண் வந்தால் பெட்டி அசையாது. கோரிக்கை வந்த நேரமும் வண்டி எண்ணும் பதிவாகிவிடும். ஆனால் ஒவ்வொரு சந்திப்பிலும் அட்டையை மாற்ற வேண்டும், ஒவ்வொரு வண்டியிலும் விளக்கை மாற்ற வேண்டும், பக்கத்து ஊர்த் தீயணைப்பு வண்டி உதவிக்கு வந்தால் அதன் எண்ணும் பட்டியலில் இருக்க வேண்டும். இதற்கெல்லாம் பணம் ஆகும் என்பதால் பழைய ஏற்பாட்டிலேயே தொடரும் இடங்கள் உண்டு.

கையடக்க ஃபிளிப்பர் ஜீரோ கருவியோடு அகச்சிவப்பு விளக்கை இணைத்து சிக்னலை மாற்றிக் காட்டும் காணொளிகள் அண்மையில் பரவின. புதிய கண்டுபிடிப்பு என்று அதைப் பகிர்ந்தார்கள். அதில் இருந்தது 1960-களின் ஓட்டைதான்.

கணினி வழியாக சிக்னலை ஹேக் செய்ய முடியுமா?

முடியும் என்று காட்டியிருக்கிறார்கள், நல்ல நோக்கத்தோடும் கெட்ட நோக்கத்தோடும். 2014-ல் மிச்சிகன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள், சாலைத் துறையின் ஒப்புதலோடு, நூறுக்கு நெருக்கமான சிக்னல்கள் கொண்ட ஒரு வலையமைப்பைச் சோதித்தார்கள். ரேடியோ இணைப்பில் மறையாக்கம் (என்கிரிப்ஷன்) இல்லை. கருவிகளில் தொழிற்சாலையில் வைத்த பயனர் பெயரும் கடவுச்சொல்லும் மாற்றப்படாமலே இருந்தன. அதே ஆண்டு ஐஓஆக்டிவ் என்ற கணினிப் பாதுகாப்பு நிறுவனத்தின் ஆய்வாளர் ஒருவர், சாலையில் பதிக்கும் கம்பியில்லா வாகன உணரிகளிலும் மறையாக்கம் இல்லாததை டெஃப் கான் என்ற ஹேக்கர்கள் மாநாட்டில் விளக்கினார். 2020-ல் நெதர்லாந்து ஆய்வாளர்கள் இருவர், சைக்கிள்காரர்களுக்குப் பச்சை தரும் கைபேசிச் செயலிகளை ஏமாற்றி, இல்லாத சைக்கிளுக்குப் பச்சை வரவழைக்க முடியும் என்று காட்டினார்கள்.

கெட்ட நோக்கத்துக்கு உதாரணம் லாஸ் ஏஞ்சல்ஸ். 2006-ல் தொழிலாளர் தகராறு நடந்த நேரத்தில், நகரத்தின் பொறியாளர்கள் இருவரே அமைப்புக்குள் நுழைந்து நான்கு முக்கியச் சந்திப்புகளைக் குலைத்தார்கள். சரிசெய்ய நான்கு நாள் ஆனது. இருவரும் பின்னர் குற்றத்தை ஒப்புக்கொண்டார்கள்.

திரைப்படங்களில் காட்டுவதுபோல் நான்கு பக்கமும் ஒரே நேரத்தில் பச்சை போட்டு வண்டிகளை மோதவைப்பது மட்டும் எளிதல்ல. பெட்டிக்குள் தனியாக ஒரு காவல் கருவி இருக்கிறது. முரணான இரண்டு பச்சை எரிந்தால், கட்டுப்பாட்டுக் கருவி என்ன சொன்னாலும் கேட்காமல், சந்திப்பு முழுவதையும் சிமிட்டும் சிவப்புக்குத் தள்ளிவிடும்.

பைக்கில் காந்தம் ஒட்டினால் பச்சை விழுமா?

காந்தத்தால் பயனில்லை. வண்டி வந்து நிற்பதை சிக்னலுக்குச் சொல்ல சாலையில் வெட்டுக் கோடுகளுக்குள் பதித்த கம்பிச்சுருள், காந்தத்தைத் தேடுவதில்லை. மின்சாரம் கடத்தும் உலோகம் மேலே வந்தால் சுருளின் தூண்டல் குறைவதைத்தான் உணர்கிறது. அதற்கு அலுமினியச் சக்கரமே போதும். வெட்டுக் கோட்டின் மேலேயே சக்கரங்களை நிறுத்திப் பாருங்கள். அப்படியும் உணரவில்லை என்றால் நகரப் போக்குவரத்துத் துறையிடம் சொல்லுங்கள், உணரியின் கூர்மையைக் கூட்டுவார்கள். நீண்ட நேரம் காத்தும் மாறாத சிவப்பை, பார்த்து நிதானமாகக் கடக்க பைக்குகளுக்குச் சில மாநிலங்களில் சட்டமே அனுமதிக்கிறது.

சென்னையில் இந்தக் கருவி எடுபடுமா?

ஒளியை வாங்கும் கண் சிக்னலில் இருந்தால்தானே எடுபடும்! நம் ஊரில் அவசரத்துக்கு வழி விடுவது பெரும்பாலும் மனிதர்களின் வேலையாகவே இருந்துவருகிறது. 2014 ஜூன் 16 அன்று, அரசு பொது மருத்துவமனையிலிருந்து அடையாறு மருத்துவமனைக்கு ஓர் இதயம் கொண்டுபோகப்பட்டது. ஏறக்குறைய 12 கிலோமீட்டரை 14 நிமிடத்துக்குள் கடந்தார்கள். வழி நெடுக சிக்னல்களைப் போலீசார் பார்த்துக்கொண்டார்கள். அவசர வண்டிக்கு வழி விடாவிட்டால், 2019 திருத்தத்துக்குப் பிறகு மோட்டார் வாகனச் சட்டப்படி 10,000 ரூபாய் அபராதமோ, ஆறு மாதம் வரை சிறையோ, இரண்டுமோ விதிக்கலாம்.

தெரியாமல் ஒன்றை வாங்கிவிட்டேன். இப்போது என்ன செய்வது?

காரிலிருந்து இன்றே கழற்றுங்கள். போட்ட காசை எடுக்கலாம் என்று திரும்ப விற்கப் பார்க்காதீர்கள். வாங்குபவர் தகுதியில்லாதவர் என்று தெரிந்து விற்றால், ஓராண்டுச் சிறை என்ற பிரிவு உங்கள் மேல் பாயும். நண்பருக்கு இரவலாகவும் தர வேண்டாம். மின்னணுக் கழிவு வாங்கும் இடத்தில் போடுவதற்கு முன் உடைத்துவிடுங்கள். ஏற்கெனவே அதைப் பயன்படுத்தியிருந்தால், யாரிடமும் எதுவும் பேசும் முன் உங்கள் மாநிலத்து வழக்கறிஞர் ஒருவரைப் பாருங்கள்.

தினமும் ஒரே சிக்னல்தான் உங்களைப் படுத்துகிறது என்றால், எந்தச் சந்திப்பு, எந்தத் திசை, காலை எத்தனை மணி, எத்தனை சுற்று காத்திருக்க வேண்டியிருக்கிறது என்று எழுதி நகரப் போக்குவரத்துத் துறைக்கு அனுப்புங்கள். நேரம் தவறாகப் பொருந்தியிருப்பதும், உணரி பழுதாகியிருப்பதும் அடிக்கடி நடப்பவை. இப்படி நேரமும் இடமும் குறித்து வரும் புகாரை வைத்துத்தான் அவர்கள் ஆளனுப்பிப் பார்ப்பார்கள்.